பாக்கியசாமிக்குக் கண் வந்த கதை

பாக்கியசாமிக்கு முப்பத்தெட்டு வயதில் கண் போயிற்று. ஒரே நாளில் போயிருந்தால்கூட மனது ஒருமுறை உடைந்து பிறகு கூடியிருக்கும். அது இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு தமிழ் அச்சுக்கூடத்தில் அவர் அச்சுக் கோர்ப்பவர். எந்த அறையில் எந்த ஈய எழுத்து கிடக்கிறது என்று விரலுக்கே தெரியும். அதனால் பார்வை மங்கிய பிறகும் ஆறு மாதம் யாருக்கும் தெரியாமல் ஒப்பேற்றினார். கடைசியில் ஒரு கலியாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேர் இருக்க வேண்டிய இடத்தில் மாமனார் பேர் விழுந்துவிட்டது. ஊரே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. பாக்கியசாமியின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே தம் கண்களைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போ பாக்கியசாமி" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணின் நரம்பு செத்துவிட்டது, இனி மருந்தில்லை என்று சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் பூசையில் பீடத்து மெழுகுவர்த்திகள்கூட அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் முழங்காலில் நின்ற மனைவி அமலம்மாளிடம், "ஏத்திட்டாங்களா?" என்று கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

அன்று முதல் வீட்டுப் பாரம் அமலம்மாள் தலையில் இறங்கியது. சூலியா தெருவுக்குப் பின்னாலிருந்த சந்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். விடியுமுன் எழுந்து ஆப்பம் சுட்டு வாசலில் வைத்து விற்றாள். முதல் ஆப்பம் எப்போதும் காஜா மொய்தீனுக்கு. கப்பித்தான் பள்ளிவாசல் பக்கத்தில் இருப்பவன். தோளில் காவடிபோலக் கழியைப் போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கறியும் தொங்கவிட்டு, துறைமுகத்துக்குப் போய் விற்கிற நாசி கண்டார்க்காரன். வாய் ஓயாத ஆள்.

"அண்ணே, நான் போட்டிருக்கிற கைலி என்ன நிறம் சொல்லுங்க பார்ப்போம்."

"நாத்தத்தைப் பார்த்தா துவைக்காத நிறம்."

"பார்த்தியாக்கா, அண்ணனுக்கா கண்ணு தெரியல? என்னைவிட நல்லாத் தெரியுதுலா."

அந்தச் சிரிப்பு ஒன்றுதான் அந்தச் சந்தில் அப்போது இலவசமாகக் கிடைத்தது.

நாற்பது நாள் நோன்பான தபசு காலம் பிறந்த பத்தாம் நாள் அமலம்மாள் அவர் காதருகில் வந்து, தான் முழுகாமல் இருப்பதைச் சொன்னாள். கலியாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து. வருஷந்தவறாமல் அக்கரைக்குப் போய், புக்கிட் மெர்தாஜாம் அர்ச்சியசிஷ்ட அன்னம்மாள் கோவிலில் அழுது கேட்ட பிள்ளை அது. மாதாவைப் பெற்ற தாயாயிற்றே, பிள்ளையில்லாதவள் வலி அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்பது அமலம்மாளின் நம்பிக்கை. பாக்கியசாமி அவள் வயிற்றில் கையை வைத்தார்.

"இந்தப் பிள்ளை மொகத்தை நீங்க பார்க்கணும்" என்றாள் அமலம்மாள். "பார்ப்பீங்க. பிள்ளையைக் கொடுத்தவ கண்ணைக் கொடுக்க மாட்டாளா?"

அன்றைக்கே அவள் ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள். அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குப் பார்வை வரும்வரை நாளைக்கு ஒரு வேளை, உப்பில்லாத கஞ்சி. அவ்வளவுதான் அவளுக்கு ஆகாரம்.

தபசு காலத்தில் எல்லாரும் ஒரு வேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருப்பதால் முதலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தபசு முடிந்து பாஸ்குத் திருநாளும் வந்தது, போனது. அவர் எதிரில் தட்டை வைத்து, கையால் சோற்றை அளைந்து, சாப்பிடுகிற சத்தத்தை மட்டும் அவள் செய்துகொண்டிருந்தாள். கண்ணில்லாத புருஷனை ஏமாற்ற அது போதுமாயிருந்தது. ஆனால் கோவிலில் மாதாவுக்கு நடக்கும் மே மாத வணக்கத்துக்கு அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போன ஒரு மாலையில், அவள் கை வளையல் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை ஓடி அவர் விரலில் இடித்தது. அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். அந்தக் கையை மேலும் கீழும் தடவினார். நாலு மாதக் கர்ப்பிணியின் கையில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

மறுநாள் காஜாவைக் கேட்டார். காஜா முதன்முறையாகத் தயங்கிப் பேசினான்.

"நீங்களா கேட்பீங்கன்னுதான் இருந்தேன் அண்ணே. நான் கொடுக்கிற சோறெல்லாம் உங்க தட்டுக்குத்தான் போகுது. அக்கா வெறுங் கஞ்சித் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு இருக்கு. உங்களுக்குக் கண்ணு வரணும்னு நேர்ச்சையாம். எங்கக்கா பார்த்துட்டு வந்து அழுதுச்சு."

அவன் அக்கா சபூரா, அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி. அவளை வரவழைத்தார். சபூரா அமலம்மாளின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மறைக்காமல் சொன்னாள்.

"ரத்தமே இல்ல. இப்படியே போனா பிள்ளைப்பேறு தாங்க மாட்டே. ரெண்டு உசிருக்கும் ஆபத்து. சாமிக்கு நேர்ந்துக்கிட்டியாம், எந்தச் சாமி புள்ளைத்தாச்சியைப் பட்டினி போடச் சொல்லுச்சு?"

"சொல்லலக்கா. நானாத்தான் கொடுக்கிறேன்."

பாக்கியசாமி அதட்டினார், கெஞ்சினார், தாமும் பட்டினி கிடந்து பார்த்தார். அதற்கும் அவள் அசையவில்லை. அவருக்குத் தானே ஊட்டிவிட்டு, தன் கஞ்சியைக் குடித்தாள். கடைசியில் கோவில் சுவாமியாரை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் பிரெஞ்சுக்காரர். வெண்தாடி. முப்பது வருஷம் பினாங்கில் இருந்து தமிழும் சீனமும் பழகியவர்.

"மகளே, நேர்ச்சையை அவிழ்க்க எனக்கு அதிகாரம் உண்டு. இப்போதே அவிழ்க்கிறேன். நீ சாப்பிடு."

"நீங்க அவிழ்க்கலாம் சாமி. அது உங்க அதிகாரம். ஆனா நான் விட்டேன்னா, இவருக்குக் கண்ணு வராதப்போ என்னாலதான் வரலைன்னு காலம்பூரா இருக்கும். அதை யார் அவிழ்ப்பாங்க?"

"அன்னம்மாள் இரக்கமில்லாதவள் என்று நினைக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார் சுவாமியார். அமலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அன்னம்மாள்மீது சந்தேகமே இல்லை. தன்மீதுதான். கொடுக்க வேண்டிய அளவு கொடுத்தோமா என்கிற சந்தேகம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

ஜூலை மாதம் நெருங்கியது. இருபத்தாறாம் தேதி அன்னம்மாள் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்பு, காஜா வந்த நேரம் பார்த்து, பாக்கியசாமி அவனை வாசலுக்கு வெளியே இழுத்துப் போனார்.

"தம்பி, திருநாளுக்கு அங்கே சோறு விக்க வருவேல்ல?"

"கூட்டம் இருக்கிற இடத்துக்குக் கழியைத் தூக்காம இருப்பேனா?"

"அன்னிக்கு எனக்குக் கண்ணு வரப்போகுது."

காஜா சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான்.

"என்ன அண்ணே சொல்றீங்க?"

"அங்க கோவில் ஊத்துத் தண்ணியில மொகம் கழுவுவேன். கண்ணு தெரியுதுன்னு சொல்வேன். அவ என்ன சேலை கட்டியிருக்கா, பக்கத்துல யார் நிக்கிறா, நீ என் காதுல முன்னாடியே போட்டுடணும். அவ சாப்பிடுவா. பிள்ளை பொழைக்கும். அவ பொழைப்பா."

"கோவில்ல வச்சுப் பொய்யா? எங்காளுக பண்ணினாலே பாவம். உங்க சாமிகிட்ட, அதுவும் நீங்க..."

"பாவம்தான். வேற வழி இருந்தா சொல்லு."

காஜாவுக்கு வேறு வழி தெரியவில்லை. கழியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நாலு வீடு தள்ளிப் போய்த் திரும்பி வந்து, "குடை பிடிச்ச ஆளா பார்த்து அடையாளம் சொல்றேன். அதுதான் லேசு" என்றான்.

திருநாளன்று பினாங்கிலிருந்து அக்கரையில் பிறை என்ற ஊர்வரை படகிலும், அங்கிருந்து ரயிலிலும் போனார்கள். தமிழரும் சீனரும் யூரேசியருமாக மலையடியெல்லாம் தலை. பூசை முடிந்து எல்லாரும் ஊற்றுப் பக்கம் போனார்கள். மலையிலிருந்து இறங்கும் அந்தத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போவார்கள், கண்ணிலும் காலிலும் தடவிக்கொள்வார்கள். காஜா இரண்டு தட்டுச் சோற்றை விற்கிற சாக்கில் பாக்கியசாமியின் பின்னால் வந்து முணுமுணுத்தான்.

"நீலச் சேலை. வெள்ளைக் கரை. இடது பக்கம் ஆறடி. அவங்க பக்கத்துல ஒரு குண்டுச் சீனத்தி, பழுப்புக் குடை."

பாக்கியசாமி குனிந்து மூன்று தரம் முகத்தைக் கழுவினார். தண்ணீர் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. நிமிர்ந்தார். அந்தக் கணத்தில், இத்தனை திட்டமும் மறந்து, மெய்யாகவே தெரிந்துவிடுமோ என்று ஒரு ஆசை அவர் நெஞ்சில் எழும்பியது. இருட்டுத்தான். அதே இருட்டு. அவர் இடது பக்கம் திரும்பினார்.

"அமலம். நீலச் சேலை கட்டியிருக்கே."

ஒரு போத்தல் விழுந்து உடைந்தது. "அந்தம்மா கையில பழுப்புக் குடை" என்றார். அமலம்மாள் ஓடி வந்து அவர் காலடியில் விழுந்தாள். கூட்டம் கூடிவிட்டது. கோவில் மூப்பர், தொண்டை பெரிய மனிதர், "புதுமை, அன்னம்மா செஞ்ச அற்புதம்" என்று தமிழில் கத்தி, சீனருக்கும் கையைக் காட்டி விளக்கினார். சுவாமியாரை அழைத்து வந்தார்கள்.

சுவாமியார் தம் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கையில் வாங்கியதுமே பாக்கியசாமிக்கு அது இன்னதென்று தெரிந்துவிட்டது. அந்த அட்டையின் சொரசொரப்பை அவர் மறப்பாரா? அவரே எழுத்தெழுத்தாகக் கோர்த்து அச்சிட்ட நவநாள் செபப் புத்தகம். முழுவதும் மனப்பாடம். நடுவில் பிரித்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, அன்னம்மாள் செபத்தை ஒரு சொல் பிசகாமல் வாசித்தார். சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். சுவாமியார் எட்டிப் புத்தகத்தைப் பார்த்தார். பாக்கியசாமி பிரித்திருந்தது மரித்தவர்களுக்கான பிரார்த்தனை.

"போதும்" என்றார் சுவாமியார். மெதுவாகப் புத்தகத்தை மூடி வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் ரயிலில் காஜா வாழையிலையில் சோறும் மீன் குழம்பும் கட்டிக் கொடுத்திருந்தான். அமலம்மாள் பிரித்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு உப்பு. முதல் கவளம் வாயில் போனதும் அவள் மென்றுகொண்டிருப்பது நின்றது. பிறகு மறுபடி மெல்லும் சத்தம் கேட்டது. பாக்கியசாமி அவள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு புன்னகை செய்தபடியே வந்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் புன்னகையை அவர் கலைக்கவில்லை. வாழ்க்கையில் எந்தப் பாட்டையும் அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் கஷ்டம் ஆரம்பமாயிற்று.

கண் வந்தவனைப் பார்க்கச் சந்துக்குள் ஆள் வந்துகொண்டேயிருந்தது. கோலைத் தொடாமல் நடக்க வேண்டும். வருகிறவர் பேசுமுன்பே காலடிச் சத்தத்தை வைத்து முகத்தைத் திருப்பிவிட வேண்டும். அறைக்குள் எல்லாம் அடியெண்ணிக்கை. வெளியே போனால் காஜாவின் தோள், சிநேகத்தில் போட்ட கைபோல. அச்சுக்கூட முதலாளியே வந்து, "திங்கட்கிழமை வேலைக்கு வந்துடு" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாக்கியசாமிக்கு வேர்த்துவிட்டது. அமலம்மாள் குறுக்கே வந்தாள்.

"இன்னும் கண்ணு கூசுதுங்க. சின்ன எழுத்தைப் பார்த்தா தண்ணி வடியுது. பிள்ளை பொறந்ததும் அனுப்பறேன்."

பாவம், எவ்வளவு நம்புகிறாள் என்று அவர் நினைத்தார்.

ஆகஸ்டு மாதத்தில் கெப்பாலா பத்தாஸிலிருந்து மதலேனாள் என்று ஒருத்தி வந்தாள். கூடவே ஏழு வயது மகள். அம்மை வார்த்துப் பார்வை போனவள். புதுமையைக் கேள்விப்பட்டு, வயற்காட்டு வழியெல்லாம் நடந்து, பஸ் பிடித்து, படகேறி வந்திருந்தாள்.

"அண்ணே, எத்தனை தரம் கழுவினீங்க? என்ன சொல்லிக் கழுவினீங்க? அதே மாதிரி செய்யறேன். சொல்லுங்க."

அந்தப் பெண்குழந்தை அவர் முழங்காலைத் தொட்டபடி நின்றது. இரண்டு குருடர்கள் ஒருவர் எதிரில் ஒருவர், இதில் ஒருவரைப் பார்வையுள்ளவர் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது.

"மூணு தரம்" என்றார் பாக்கியசாமி கடைசியில்.

அமலம்மாள் வாசல்வரை போய், "டாக்டர் மருந்தை நிறுத்திடாதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பியது அவர் காதில் விழுந்தது.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். தட்டிக்கு அந்தப் பக்கம் சுவாமியார் மூச்சு விடும் சத்தம். எல்லாவற்றையும் சொன்னார். ஊற்றடியில் சொன்ன பொய்யை, மதலேனாளிடம் சொன்ன பொய்யை. அழுதார்.

சுவாமியார் தட்டியருகே குனிந்தார். "ஆண்டவர் பேரில் பொய்ச்சாட்சி சொன்னாய். அது பெரிய பாவம். சபை முன்னால் நீயே அதை அவிழ்க்க வேண்டும்."

"இன்னிக்கே சொல்லவா சாமி? சொன்னா அவ நாளைக்கே கஞ்சிக்குத் திரும்பிடுவா."

"பிள்ளை பிறக்கட்டும். தாய் எழுந்து உட்காரட்டும். அதற்கடுத்த ஞாயிறு. அந்தக் குழந்தையின் தாயிடம் நீயே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இதுதான் உன் அபராதம்."

"சாமி, இந்தப் புதுமையெல்லாம் மெய்தானா?" என்று கேட்டார் பாக்கியசாமி. "நான் அச்சடிச்ச புத்தகத்துல எத்தனை புதுமை. எல்லாம் என்னை மாதிரி ஆளுங்க சொன்னதுதானா?"

"முப்பது வருஷமாக அந்த மலையடிக்குப் போகிறேன். ஊன்றுகோலைப் போட்டுவிட்டு நடந்தவனை ஒரே ஒருமுறை பார்த்தேன். மெய்யாகவே நடந்தான். ஏன் அவன், ஏன் மற்றவன் இல்லை, எனக்குத் தெரியாது. ஊன்றுகோலோடு வந்து ஊன்றுகோலோடு திரும்புகிறவர்கள் வழியில் இன்னொரு நொண்டிக்குத் தோள் கொடுப்பதை வருஷாவருஷம் பார்க்கிறேன். அதையெல்லாம் யாரும் அச்சடிக்கக் கொண்டுவருவதில்லை. வீட்டுக்குப் போ. அவளைச் சாப்பிட வை."

அமலம்மாள் சாப்பிட்டாள். சபூரா ஈரலும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். வளையல் மணிக்கட்டுக்கு வந்து நின்றது. ஆனால் இழந்த ஐந்து மாதத்தை உடம்பு முழுவதும் திரும்பக் கொடுக்கவில்லை.

நவம்பர் மாதம் முதல் வாரம், ஒரு மழைக்காலையில் பெண்குழந்தை பிறந்தது. குழந்தை அழுதது. தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. சபூரா தனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரும் வந்து ஊசி போட்டார். மத்தியானம் உதிரம் நின்றது. அதற்குள் அமலம்மாளின் கைகால் சில்லிட்டுப் போயிருந்தது. டாக்டர் போகும்போது சபூராவிடம் மெதுவாகச் சொன்னதைப் பாக்கியசாமியின் காது கேட்டுவிட்டது. கண்ணில்லாதவன் காதுக்கு ஒளிக்க முடியுமா?

சுவாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குச் செய்கிறபடி எண்ணெயால் அவஸ்தை பூசிவிட்டுப் போனார். சபூரா குழந்தையைத் துணியில் சுற்றித் தாயின் பக்கத்தில் கிடத்தினாள்.

"இங்க வந்து உக்காருங்க" என்றாள் அமலம்மாள்.

உட்கார்ந்தார்.

"பிள்ளை எப்படி இருக்கா?"

"உன்னை மாதிரியே இருக்கா அமலம். அதே மூக்கு."

அவள் அவர் வலது கையைத் தேடிப் பிடித்தாள். அவருடைய ஆட்காட்டி விரலை எடுத்து, குழந்தையின் முகத்தின் மேல் வைத்தாள்.

"இது நெத்தி" என்றாள். விரலை மெதுவாக இறக்கினாள். "இது புருவம். ரொம்ப மெலிசு, தெரியுதா? இது மூக்கு. உங்க மூக்குதான். என் மூக்கு இல்ல. இது மேலுதடு. இங்க ஒரு குழி இருக்கு பாருங்க."

பாக்கியசாமியால் அந்த விரலை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

"உனக்கு எப்போ..."

"ரயில்லேயே தெரியும். நான் சோத்தை வாயில வச்சுக்கிட்டு அழுதேன். சத்தமில்லாம அழுதேன். நீங்க என்னையே பார்த்துக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க."

வெளியே மழை கொட்டியது. வாசலில் நின்ற காஜா தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

"தெரிஞ்சும் ஏன் சாப்பிட்டே? நேர்ச்சை?"

அமலம்மாள் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "முதல்ல துப்பிடத்தான் நெனச்சேன். அப்புறம் உங்க மொகத்தைப் பார்த்தேன். சின்னப் பொய்கூடச் சொல்லத் தெரியாத ஆளு. ஆண்டவர் முன்னாடி அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிட்டு, நான் மெல்றேனான்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நான் கேட்டது ஒரு புதுமை. அவ கொடுத்தது வேற ஒண்ணு. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரல."

"நான் உன்னைக் காப்பாத்தல அமலம்."

"பிள்ளையைக் காப்பாத்தினீங்க. மூணு மாசம் சாப்பிட்ட சோறு அவ உடம்புல இருக்கு. நல்லா கனமா இருக்கா, தூக்கிப் பாருங்க."

அவர் தூக்கினார். கனமாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லத் திரும்பினார். சொன்னார். இரண்டாம் தரமும் சொன்னார். சபூரா வந்து அவர் தோளைப் பிடித்தபோதுதான், தாம் வெறும் உடம்பிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் பாக்கியசாமி கோலை ஊன்றிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியருகே போய் நின்றார். கோலைப் பார்த்ததுமே கோவில் அடங்கிவிட்டது.

"எனக்குக் கண்ணு வரல" என்றார். "அன்னிக்கும் வரல, இன்னிக்கும் இல்ல. என் பொஞ்சாதி சாப்பிடணும்னு பொய் சொன்னேன். அன்னம்மா பேரைக் கெடுத்தது நான். அவங்க இல்ல. எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

யாரோ விம்மினார்கள். யாரோ எழுந்து வெளியே போனார்கள். கோவில் மூப்பர், "ஊரெல்லாம் சொல்லி வச்சேனே, இப்போ என் மொகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றார். பக்கத்திலிருந்தவர், "அதைக் கண்ணில்லாதவர்கிட்டயா கேட்பீங்க, உக்காருங்க" என்றார். சுவாமியார் பீடத்திலிருந்து இறங்கி வந்து, பாக்கியசாமியின் கையைத் தம் கையில் கோர்த்து, வாசல்வரை தாமே நடத்திக்கொண்டு போனார்.

இன்னொரு இடம் பாக்கியிருந்தது. குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும் காஜாவோடு கெப்பாலா பத்தாஸுக்குப் புறப்பட்டார். சபூரா ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டாள். குழந்தையைப் பார்க்க வேறு ஆளில்லை. அதனால் காஜா ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு, குழந்தையைத் துணியில் கட்டி மார்போடு தூக்கிக்கொண்டான். பால் போத்தல் படகிலேயே காலியாகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வரப்பில் நடக்கும்போது குழந்தை பசியில் அழ ஆரம்பித்தது.

மதலேனாள் வாசலுக்கு வந்தாள். யாரென்று தெரிந்ததும், "மூணு தரம் கழுவினேன் அண்ணே. மூணு தரம் போயிட்டு வந்தேன். தெரியல" என்றாள். அதில் குறை சொல்வதுகூட இல்லை. இன்னும் ஏதோ வழி சொல்ல வந்திருக்கிறார் என்ற எதிர்பார்ப்புதான் இருந்தது.

பாக்கியசாமி நின்றபடியே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

குழந்தை வீறிட்டது.

"இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

"ஆமாம்மா."

"என் மக தினம் காலையில எழுந்து, இன்னிக்குத் தெரியுமாம்மான்னு கேக்கிறா. அவகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க."

அவர் சொன்னார். திண்டாடித் திண்டாடி அந்த ஏழு வயதுக் குழந்தையிடம் சொன்னார். அது, "உங்களுக்கும் தெரியாதா?" என்று கேட்டது. "தெரியாதும்மா" என்றார். "சரி" என்றது. உள்ளே போய்விட்டது.

"வாங்க அண்ணே, போகலாம்" என்றான் காஜா. குழந்தையைத் தட்டிக்கொடுத்துப் பார்த்தான். விரலைச் சப்பக் கொடுத்துப் பார்த்தான். அது நிறுத்தவில்லை. இருவரும் திரும்பினார்கள்.

"தாய் எங்கே இதுக்கு?" என்று பின்னால் கேட்டாள் மதலேனாள்.

"இல்லம்மா" என்றார் பாக்கியசாமி. "மாசம் ஒண்ணாச்சு."

வீட்டுக்குள் இன்னொரு கைக்குழந்தை தூக்கத்தில் சிணுங்கும் சத்தம் கேட்டது. மதலேனாள் படியிறங்கி வந்தாள். காஜாவின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்குவதுபோல வாங்கினாள். "உங்க ரெண்டு பேர் மொகத்தையும் பார்க்க எனக்குப் பிடிக்கல. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர்கள் வாசலில் வயலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். அழுகை ஒருமுறை விக்கியது. பிறகு நின்றது. தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை மடக்மடக்கென்று பால் விழுங்கும் சத்தம் பாக்கியசாமிக்குத் தெளிவாகக் கேட்டது. ரயிலில் உட்கார்ந்திருந்ததுபோலவே அவர் அசையாமல் உட்கார்ந்து கேட்டார். இந்த முறை சிரிக்க முயலவில்லை. கண்ணீர் வழிவதைத் துடைக்கவும் இல்லை. குழந்தை குடித்து முடிய வெகுநேரமாயிற்று. மதலேனாள் அவசரப்படுத்தவில்லை.